குமுதவல்லி கட்டின ஊர்

ஒரு ஊர்ல ஒரு மேசை இருந்துச்சாம். அந்த மேசை மேல இன்னொரு ஊர் இருந்துச்சாம். கண்ணை மூடிக்கிட்டே கேளு, ஆனா ம் சொல்லணும். ம் வரலன்னா பெரிம்மா கதையை நிறுத்திடுவேன்.

"ம்."

மேசை மேல இருந்த ஊர் நம்ம கட்டில் அளவுதான். அதுல சுண்டுவிரல் உசரத்துக்குச் சிப்பாய்ப் பொம்மைங்க. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, பொம்மைச் சண்டைச் சங்கத்துக்காரங்க மாடி ஹால்ல கூடுவாங்க. ரெண்டு பேர் எதிரெதிரா உட்கார்ந்து, கடகடன்னு பகடையை உருட்டி, ஸ்கேல் வச்சு அளந்து அளந்து படையை நகர்த்துவாங்க. பீரங்கி டமார், குதிரை டக்டக், எல்லாம் வாயாலதான்.

சரி, பொம்மை கடையில கிடைக்கும். மலையும் ஆறும் யார் செஞ்சா? குமுதவல்லின்னு ஒருத்தி செஞ்சா. அவ பல் ஆஸ்பத்திரியில பல் செட்டுக்கு அச்சு வார்க்கிறவ, கைவேலை அவ்வளவு சுத்தம். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. அந்த மேசையில உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடணும். அதுக்காக நாப்பது சிப்பாய்க்கு மீசை முதற்கொண்டு வர்ணம் அடிச்சு, சோப்பு டப்பாவுல பஞ்சு விரிச்சுப் படுக்கப் போட்டிருந்தா.

அப்போ சங்கத் தலைவர் பத்மநாதன் சொன்னாராம், முதல்ல ஒரு மலை செஞ்சு குடும்மா, அப்புறம் உனக்கு ஒரு நாற்காலி போடறேன்னு. இவளும் நம்பினா. ஃபிரிஜ் பெட்டியில வந்த தெர்மாகோலை சரக் சரக்னு சீவி, மேல பிளாஸ்டர் மாவைப் பூசி, குடிச்ச டீத்தூளைக் காயவச்சுத் தூவி மண்ணாக்கினா. அசல் மலை. பத்மநாதன் தட்டிப் பார்த்தார். பார்த்துட்டு, எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வரச் சொன்னாராம். மலை செஞ்சவளை டீ வாங்க அனுப்பினா எப்படி இருக்கும், சொல்லு.

"ம்."

என்ன ம். எனக்குச் சொல்லும்போதே பத்திக்கிட்டு வருது.

அப்புறம் ரெண்டாவது மாசம் ஒரு ஆறு கேட்டார். இது முடிஞ்சதும் நாற்காலி நிச்சயம்னார். பசையை மேல மேல ஊத்தி, எட்டு நாள் காயவிட்டு, சலசலன்னு ஓடற மாதிரியே ஒரு ஆறு செஞ்சா, அதுக்கு ஒரு பாலமும் செஞ்சா. அன்னிக்கு எல்லாரும் மேசையைச் சுத்தி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. போட்டோவுல குமுதவல்லி மட்டும் இல்ல. ஏன்னா கேமராவை அவ கையில குடுத்துட்டாங்க.

"அய்யோ."

அதான். அப்புறம் மூணாவது மாசம் முழு ஊரே கேட்டார். அட்டையில வீடு, பாட்டில் மூடியில கிணறு, தேங்காய் நார்ல மரம், ஊருக்கு நடுவுல ஒரே ஒரு ரோடு. கண்ணு எரிய எரிய செஞ்சா. ஏன்னா அந்த மாசம்தான் பெரிய ஆட்டம், வெளியூர்லேருந்து சிங்காரவேலுன்னு ஒரு பெரிய ஆட்டக்காரர் வர்றார். குமுதவல்லி சோப்பு டப்பாவை இடுப்புல இடுக்கிக்கிட்டு மாடி ஏறினா. மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அது பத்மநாதனுக்கு. அந்தப் பக்கம் ஒண்ணு, அது விருந்தாளிக்கு. பத்மநாதன் இவ கையில பசை பாட்டிலைக் குடுத்து, ஏதாவது உடைஞ்சா ஒட்டு, ஓரமா நில்லுன்னாராம். நீ கட்டுறதுல கெட்டிக்காரி, சண்டையெல்லாம் உனக்கு எதுக்குன்னாராம்.

அவ அந்த பாட்டிலை மேசை ஓரத்துல வச்சா.

அந்தச் சங்கத்துல ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன்னாடி, மேசை மேல ஊரைச் செஞ்சவங்க ஒரு குச்சியால ஒவ்வொண்ணையும் தொட்டு, இது என்னன்னு சொல்லணும். இது முழங்கால் தண்ணி, இது ஏறக்கூடிய மேடுன்னு. ஒரு தடவை சொன்னா சொன்னதுதான், ஆட்டத்தைக் கலைக்கிற வரைக்கும் மாத்த முடியாது. சட்டம் போட்டவரே பத்மநாதன்தான்.

குமுதவல்லி குச்சியை எடுத்தா. ஆத்தைத் தொட்டா. "வெள்ளம் போகுது. பாலம் நேத்து அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

பத்மநாதன் நிமிர்ந்து பார்த்தார்.

மலையைத் தொட்டா. "பாசி புடிச்ச பாறை. ஏறினா வழுக்கும்."

அப்புறம் ரோட்டைத் தொட்டா. "குழாய் பதிக்கத் தோண்டினாங்க. இன்னும் மூடல."

போன மாசம் அது சின்ன ஆறாத்தானே இருந்துச்சுன்னு பத்மநாதன் கேட்டார். போன மாசம் மழை இல்லைங்கன்னு அடக்கமா சொன்னா. சட்டம் அவரோடது, என்ன பண்ணுவார்?

அப்புறம் ஆட்டம் ஆரம்பிச்சுது. கடகடன்னு பகடை உருண்டுச்சு, மூணு வழியும் அடைச்சாச்சே, படை நகரல. மறுபடி கடகட, நகரல. மூணாவது தடவையும் கடகட, ம்ஹூம். பீரங்கிக் குண்டு பாதி மேசைதான் போகும். அந்தப் படை அந்த ஓரம், இந்தப் படை இந்த ஓரம், பஸ் வராத ஸ்டாப்புல நிக்கிற மாதிரி நிக்குது. ஒரு மணி நேரம் ஆச்சு, ரெண்டு மணி நேரம் ஆச்சு.

"அப்புறம்?"

அப்புறம் சிங்காரவேலுக்குச் சிரிப்பு தாங்கல. சிரிச்சு முடிச்சுட்டு, ஓரமா நின்னவளைப் பார்த்தார். "இந்த ஊரைச் செஞ்சது நீதானாம்மா? அப்போ உன் படை எங்க?"

மூணு மாசத்துல யாரும் கேக்காத கேள்வி அது. குமுதவல்லி உடனே சோப்பு டப்பாவை டப்னு திறந்து காட்டினா. அவர் குனிஞ்சு நாப்பது மீசையையும் பார்த்தார். பார்த்துட்டு, இந்த ஆட்டத்தைக் கலைச்சுடுங்க, நான் இவங்களோட ஆடறேன்னுட்டார். பத்மநாதன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க வேண்டியதாப் போச்சு.

அவ உட்கார்ந்தா. முதல்ல குச்சியால தொட்டா. வெள்ளம் வடிஞ்சுடுச்சு, பாறை காஞ்சுடுச்சு, ரோட்டை மூடிட்டாங்க. அப்புறம் கடகட, டக்டக், டமார். சாயந்திரம் வரைக்கும் ஆடினா.

"ஜெயிச்சாளா?"

இல்லடா கண்ணு, தோத்துட்டா. முப்பத்தொம்பது சிப்பாய் காலி. ஆனா அவ முகத்தைப் பார்க்கணும் நீ.

பத்மநாதனுக்கு உசுரு வந்துச்சு. தோத்துட்ட இல்ல, சரி, அடுத்த மாசத்துக்கு ஒரு கோட்டை செஞ்சுடுன்னார். குமுதவல்லி பசை பாட்டிலை எடுத்து அவர் கையில வச்சா. "அடுத்த மாசம் நான் ஆடணுங்க. கோட்டையை நீங்க செய்யுங்க."

எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, அவர் வாங்கிக்கிட்டார். மாசம் பூரா வீட்டுல சரக் சரக். ரெண்டு விரல்ல கட்டு. அடுத்த மாச ஞாயித்துக்கிழமை அதைத் தூக்கிட்டு வந்து மேசையில வச்சார். ஒரு பக்கம் சாஞ்சுது, இன்னொரு பக்கம் ஒட்டவே இல்ல. அவர் குச்சியை எடுத்து அதைத் தொட்டு, ரொம்பச் சின்னக் குரல்ல, "இது கோட்டை"ன்னார்.

குமுதவல்லி சிரிக்கல. எழுந்து போய், சுவரோரம் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்துட்டு வந்து மேசைகிட்ட போட்டா. "உட்காருங்க. செஞ்சவங்க ஆடணும்."

ம் சொல்லு.

தூங்கிட்டியா. சரி சரி. சண்டை ஓஞ்சாச்சு, சிப்பாயெல்லாம் பஞ்சுல படுத்தாச்சு, டப்பாவையும் மூடியாச்சு. நீயும் தூங்கு.