ஒத்தவெடி மாடத்தியும் நாற்பது குண்டுகளும்

“மானுக்கு எத்தனை குன்றிமணி எடையில குண்டு போடணும், தாயி? அதை மட்டும் சொல்லிரு. நான் போயிருதேன்.”

கேட்டவர் மந்திரமூர்த்தி. கடைத்தெருவில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்தார். வயது நாற்பத்தெட்டு.

எதிரே பாறையில் உட்கார்ந்திருந்தவள் மாடத்தி. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஒரு மானை அவள் இரண்டு முறை சுட்டதில்லை. அதனால் மலையடிவாரத்தில் அவளுக்கு ஒத்தவெடி என்று பெயர். ஜமீனில் சீட்டு வாங்கினால் வேட்டைக்குப் போகலாம் என்றிருந்த காலம் அது.

மாடத்தி அவர் மடியில் இருந்த மரப்பெட்டியைப் பார்த்தாள்.

அவர் திறந்து காட்டினார். உள்ளே நாற்பது ஈயக் குண்டுகள். எல்லாம் அவரே வார்த்தவை. துப்பாக்கிக் குழலுக்கு ஏற்ப எல்லாமே ஒரே பருமன். நீளத்தில்தான் கூடுதல் குறைச்சல். ஒவ்வொன்றையும் காகிதத்தில் மடித்து, மேலே மசியால் எடை எழுதியிருந்தார். நூற்றறுபது குன்றியில் தொடங்கி, இரண்டு இரண்டாக ஏறிக்கொண்டே போனது.

“மாத்திரையா?”

“குண்டு, தாயி.”

“மடிச்சு வச்சிருக்கதப் பாத்தா காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு சொல்லுவிய போலிருக்கு.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“நோய்க்குத் தக்கன அளவு உண்டு. மானுக்கும் ஒரு அளவு இருக்கணும்லா?”

“சுட்டுப் பாத்தியளா?”

“மூணு நாள் பாத்தேன். வண்டிப்பாதைப் பாறையில முக்காலி போட்டு உக்காந்தேன். மொத நாள் லேசான குண்டு. காத்து கொண்டு போயிட்டு. மறுநாள் கனத்த குண்டு. மானுக்கு இருபதடி முன்னாலேயே மண்ணுல சொருகிட்டு. நேத்து நடுவாந்தரம். எங்கன போச்சுன்னே தெரியல.”

“மான் என்ன செஞ்சுது?”

“நிமிந்து பாத்துது. பெறகு மேஞ்சுது.”

மாடத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யாருக்கு அண்ணாச்சி மான் கறி?”

அவர் பெட்டியை மூடினார். குரல் இறங்கியது.

“வீட்டுல மாசமா இருக்கா. கல்யாணமாகிப் பதினோரு வருசம் கழிச்சு.”

மாடத்தி சிரிப்பை நிறுத்தினாள்.

“எம் பொண்டாட்டி வெயிலுவந்தா இதுவரைக்கும் என்கிட்ட ஒரு முழம் பூ வேணும்னு கேட்டதில்ல. இப்ப மான் கறி கேக்கா. ஆட்டுக்கறி வாங்கி மானுன்னு சொன்னேன். மோந்து பாத்துட்டு, ‘இது மேன்னு கத்துன சாமான்’னு தட்டைத் தள்ளிட்டா. மசக்கை ஆசை தீரலைன்னா பிள்ளைக்குக் காது வடியும்ங்காவ. கடையில எல்லாத்துக்கும் மருந்து இருக்கு. இதுக்கு இல்ல.”

மாடத்தி எழுந்தாள். கஞ்சிக் கலயத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள். ஓடைச் சரிவில் இறங்கினாள். மார்பளவுத் தண்ணீரைக் கடந்து, அக்கரையில் ஏறி, ஒரு மருத மரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

மந்திரமூர்த்தி காத்திருந்தார்.

திரும்பி வருகிற மாதிரி இல்லை.

“தாயி! எத்தனை குன்றி?” என்று கத்தினார்.

அவள் உதடு அசைந்தது.

“கேக்கல!”

மறுபடியும் அசைந்தது. அதே அளவு.

அவர் கையைக் காதில் குவித்தார். பாறையின் விளிம்பு வரை வந்தார். குதிகாலை உயர்த்தினார். தலைப்பாகையை அவிழ்த்துப் பார்த்தார்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லு, தாயி!”

அவள் பொறுமையாக இன்னொரு முறை சொன்னாள். எதிரே இருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி. ஓடை இரைந்தது. ஒரு குருவி வேறு இடையில் கத்தியது.

நூற்றெண்பதா, இருநூறா? உதட்டைப் பார்த்து எண்ணிக்கை பிடிக்க முயன்றார். ஆறு தடவை கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது.

கடைசியில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

முள் வேட்டியைப் பிடித்தது. ஒரு செருப்பு சேற்றில் நின்றுவிட்டது. நடு ஓடையில் பாசிக் கல் காலை வாரியது. அவர் மூழ்கி எழுந்தபோது பெட்டி கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தது. குண்டுகள் ஒவ்வொன்றாக ஆழத்துக்குப் போயின. பாய்ந்து பிடித்ததில் ஒன்றே ஒன்று கைக்குள் சிக்கியது.

அக்கரையில் நான்கு காலில் ஏறினார். மாடத்தியின் முன்னால் வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

“இப்பச் சொல்லு. என்ன சொன்னே?”

“கஞ்சி குடிச்சியளான்னு கேட்டேன், அண்ணாச்சி.”

அவர் அவளையே பார்த்தார். தலையிலிருந்து ஒரு பாசி இழை நழுவி மூக்கில் விழுந்தது.

“இதுக்கா?”

“ஆமா. மூணு தடவை கேட்டேன். நீங்க பதிலே சொல்லல.”

முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு அவர் மருத மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். மூன்று நாளாக அவர் சிரித்திருக்கவில்லை.

“சத்தமாக் கேட்டிருக்கலாம்லா?”

“எனக்குச் சத்தம் போட்டா தொண்டை கட்டும்.”

அவள் சிரட்டையில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். தொட்டுக்கொள்ள உப்பும் சின்ன வெங்காயமும். அவர் குடித்தார். பிறகு உள்ளங்கையை விரித்தார்.

“ஒண்ணுதான் மிச்சம். காகிதம் கரைஞ்சிட்டு. இது எத்தனை குன்றின்னு தெரியல.”

“உங்க வீட்டுல எத்தனை மான் கேட்டாவ?”

“ஒண்ணு.”

மாடத்தி சிரட்டையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

அவர் குடிப்பதைப் பாதியில் நிறுத்தினார். அக்கரையில் தான் நின்று கத்திய பாறையைத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து மரத்தடி வரை எத்தனை அடி இருக்கும் என்று கண்ணால் அளந்தார்.

மறுநாள் விடியலில் கிளம்பினார். முக்காலியை எடுக்கவில்லை. மிஞ்சிய செருப்பையும் கழற்றி வைத்துவிட்டார்.

காற்று முகத்தில் படுகிற பக்கமாகப் போனார். முதலில் குனிந்து. பிறகு முழங்காலில். பிறகு வயிற்றில். எறும்பு கடித்தது. விட்டுவிட்டார். வெயில் முதுகில் ஏறிய நேரத்தில் புல் அறுபடுகிற சத்தம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

தலையைத் தூக்கினார். கலைமான் நின்றது. அதன் காதில் ஓர் ஈ உட்கார்ந்து எழுவது தெரிந்தது.

ஓடைக்கரையில் மாடத்திக்கு ஒரு வெடிச் சத்தம் கேட்டது. இன்னொன்று வருகிறதா என்று அவள் காதைத் தீட்டவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஒரு தொடை எனக்கு, அண்ணாச்சி,” என்றாள் போய்ச் சேர்ந்ததும்.

அவர் இரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அன்று மதியம் வெயிலுவந்தாள் தட்டை முகர்ந்தாள். ஒரு துண்டை வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். பிறகு கணவனைப் பார்க்காமல் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அவர் அடுப்படிக் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்தார்.

கூடத்தில் இலைக்கு முன்னால் அவள் தம்பி புலமாடன் இருந்தான். மூன்று நாளாக ஊர் முழுக்க அத்தானைக் கேலி பேசித் திரிந்தவன். இப்போது எலும்பைக் கடித்துக்கொண்டே கூப்பிட்டான்.

“அத்தான்! கடைசியில எத்தனை குன்றி எடையில போட்டிய?”

மந்திரமூர்த்தியின் உதடு அசைந்தது.

“என்னது? கேக்கல!”

அவர் சிரித்த முகத்தோடு இன்னொரு முறை சொன்னார். அதே அளவு.

“அட, சத்தமாச் சொல்லும், அத்தான்!”

அவர் இன்னொரு முறை சொன்னார்.

புலமாடன் எலும்பை இலையில் வைத்தான். எச்சில் கையோடு எழுந்து, அவரை நோக்கி நடந்தான்.