டெய்ஸிக்குப் பிடிக்காதது

"அவளுக்கு நாக்கே இல்ல டீச்சர். வேற ஆளப் பாத்துக்கங்க."

கதவக்கூட தட்டாம உள்ள போயி சொன்னேன்.

ஷமீமா டீச்சர் ஆரஞ்சு உரிச்சிட்டு இருந்தாங்க. நிமிரல.

"யாருக்கு?"

"டெய்ஸிக்கு. அந்தச் சீனப் பொம்பளைக்கு."

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுல, ஒரு மாடியில இந்த இங்கிலீஷ் வகுப்ப நடத்துறது ஷமீமா டீச்சர்தான். சொல்லிக்குடுக்கறது எப்படின்னு நான் அவங்ககிட்டத்தான் கத்துக்கறேன். என்னவிடச் சின்னவங்க. அது ஒரு தனி எரிச்சல்.

"என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல. அதான் பிரச்சன. நாளைக்கு முதியோர் இல்லத்துல அவளுக்கு இன்டர்வியூ. போன தடவ வேற எடத்துல என்ன ஆச்சு? 'பழைய வேலையில உனக்கு எது பிடிக்கல'ன்னு கேட்டாங்க. 'எல்லாமே நல்லாருந்துச்சு'ன்னா. எதையோ மறைக்கிறான்னு நெனச்சு அனுப்பிட்டாங்க. பழைய எடத்துல ஜன்னலே இல்லாத ஸ்டோர் ரூம்ல படுக்கப் போட்டிருக்காங்க டீச்சர்! அது நல்லாருந்துச்சாம்!"

"நாளைக்கும் கெடைக்கலன்னா?"

"வேல பர்மிட் முடியுது. ஊருக்கு மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

டீச்சர் ஒரு சுளைய நீட்டினாங்க. நான் வாங்கல.

"நீங்க என்ன சொல்லிக்குடுத்தீங்க?"

"என்ன சொல்லிக்குடுக்கல? ஐ டோன்ட் லைக். ஐ ஹேட். ஐ கான்ட் ஸ்டாண்ட். தொண்ட கிழிஞ்சிருச்சு. பாவக்கா பிடிக்குமா? 'ஓகே, டீச்சர்.' வெயில் பிடிக்குமா? 'ஓகே, டீச்சர்.' கொசு பிடிக்குமான்னு கேட்டேன். சிரிக்கறா! ஒரு கொசுவக்கூட பிடிக்கலன்னு சொல்ல மாட்டேங்கறா!"

"அவங்க பழகுன மரியாத அப்படி."

"அந்த மரியாதயோட ஏரோப்ளேன் ஏறட்டும்! நான் என்ன கொறயா வெச்சேன்? வீட்ல சுட்ட முறுக்க தெனம் பொட்டலம் கட்டிக் குடுக்கறேன். 'நல்ல வாசம் டீச்சர், அப்பறமா சாப்பிடறேன்'னு பையில வெச்சுக்கறா. இவ்ளோ பாசமா இருக்கற எனக்காக ஒரு வாக்கியம் சொன்னா என்ன?"

டீச்சர் சுளையத் தன் வாயில போட்டுக்கிட்டாங்க. நிதானமா மென்னாங்க.

"சரி, பெட்டி."

திரும்பிப் பாத்தேன். ரூம்ல வேற யாருமில்ல.

"யாரு பெட்டி?"

"நீங்கதான். புஷ்பராணின்னு சொல்ல நாக்கு சுளுக்குது. இனிமே பெட்டி, இங்கிலீஷ் பேரு."

"பெட்டியா? அப்படியே ஒரு பூட்டும் மாட்டிவிடுங்க! என்ன நக்கலா?"

"அழகாத்தானே இருக்கு?"

"எனக்குப் பிடிக்கல!"

டீச்சர் தலையாட்டினாங்க.

"உங்களுக்கு நாக்கு இருக்கு."

ஆரஞ்சுத் தோலயெல்லாம் ஒண்ணாச் சேத்து ஓரமா வெச்சாங்க.

"டெய்ஸின்னு பேரு வெச்சது யாரு, அக்கா?"

மொத நாளே வர்றவங்களுக்கெல்லாம் ஒரு இங்கிலீஷ் பேரு வெச்சிடறது எங்க வகுப்பு வழக்கம். நான்சி, டெய்ஸி, இப்படி. அவளுக்கு வெச்சது நான்தான். சீனப் பேரு என் வாயில நொழையல.

"வழக்கம் உங்களோடது. என்னக் கேக்காதீங்க" ன்னேன்.

"ஆமா. தப்பு என்னோடதும்தான். அவங்க பேரு என்ன?"

பதிலுக்கு வாயத் தொறந்தேன்.

தெரியல. நேரா வகுப்புக்குப் போனேன்.

வகுப்புல அவ மட்டும் ஒக்காந்திருந்தா. பை மடியில. எனக்கும் அவளுக்கும் பேச்சு இங்கிலீஷ்லதான்.

"உங்க பேரு என்ன?"

"டெய்ஸி, டீச்சர்."

"அது இல்ல. உங்க அம்மா வெச்ச பேரு."

நிமிந்து பாத்தா.

"ஷியூலான்."

சொல்லிப் பாத்தேன். தப்பு. திருத்தினா. மறுபடியும் தப்பு. அவ சிரிக்கல. திரும்பத் திரும்பச் சொன்னா, கடைசியில வந்துச்சு.

"ஷியூலான்."

"ஆமா" ன்னாங்க ஷியூலான்.

"டெய்ஸி உங்களுக்குப் பிடிக்குமா?"

"அழகான பேரு. டீச்சர் வெச்ச பேரு."

நான் அதயா கேட்டேன்னு கத்த வந்துச்சு. கத்தல. நாற்காலிய இழுத்துப் போட்டு எதுர்ல ஒக்காந்தேன்.



ஷியூலான் பைய இறுக்கிப் பிடிச்சாங்க.

"ஐ டோன்ட் லைக்."

தரையப் பாத்துத்தான் சொன்னாங்க.

"ஏன்? டெய்ஸிங்கறது ஒரு பூவோட பேரு, அத..."

பாதியில நிறுத்தினேன். நாக்கக் கடிச்சுக்கிட்டேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க, ஷியூலான்."

இந்தத் தடவ தரையப் பாக்கல.

"ஐ டோன்ட் லைக்."

அப்பறம் பையத் தொறந்தாங்க. காலைல நான் குடுத்த முறுக்குப் பொட்டலத்த எடுத்தாங்க. ரெண்டு கையாலயும் என் முன்னாடி வெச்சாங்க.

"இதுவும், டீச்சர்."