சோதனைக்குப் போன மிளகுத்தூள்

வியாபாரி செலின் கடல் கடந்து வரவழைத்த மிளகுத்தூள் மூட்டைகள் ஒழுகும் சுங்கக் கிடங்கில் கிடந்தன. மழை இறங்கினால் அத்தனையும் பாழ். உணவுச் சோதனை முடிவு வராமல் வெளியே விடமாட்டார்கள். அதிகாரி கொம்பையாவோ தினமும் "லேபுக்கு மாதிரி" என்று ஒரு பை அள்ளிப்போனார். முடிவு வரவேயில்லை.

அன்று மேலதிகாரி வந்திருந்தார். "இன்னைக்கும் ஒரு பை கட்டும்மா. இல்லன்னா மூட்டை நகராது" என்றார் கொம்பையா.

செலின் கட்டிக்கொண்டே மெல்லக் கேட்டாள்: "நேத்துக் கொண்டுபோனத யாரும் சாப்பிடலையே, சார்?"

கொம்பையாவின் முகம் வெளுத்தது. போனை எடுத்து வீட்டில் மனைவியை அழைத்தார்.

"பேச்சி, அந்த நண்டுக் குழம்பைத் தொடாத. கொட்டிரு."

கிடங்கே திரும்பிப் பார்த்தது.

"தூள்ல என்னம்மா?" என்றார் மேலதிகாரி.

"ஒண்ணுமில்ல சார். லேபுக்குப் போயிருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்க."

மேலதிகாரி அந்தப் பைக்குத் தாமே முத்திரை வைத்து லேபுக்கு அனுப்பினார். முடிவு வந்து, மழைக்கு முன்பே மூட்டைகள் வெளியேறின.