காற்றைப் பங்கிட்ட அண்ணன் தம்பி

அந்தக் காலத்தில் எஞ்சினுக்கும் வாய் இருந்தது. காற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஊர்வம்பு முழுக்க அதன் வாயில்தான்.

ஜெர்மனியில், மியூனிக் நகரில், விமான எஞ்சின் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. பெரிய போர் முடிந்ததும், தோற்ற நாடு விமானத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று வென்றவர்கள் உத்தரவு போட்டார்கள். வானத்தில் பறந்தவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு மோட்டார் சைக்கிள் செய்ய இறங்கினார்கள். இதுவும் ஓடாவிட்டால் தொழிற்சாலைக்குப் பூட்டுதான்.

அந்த வண்டியின் எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள், அண்ணனும் தம்பியும். அண்ணன் முன்னே, தம்பி பின்னே, முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருந்தார்கள். உழைப்பு என்னவோ சமபங்கு. ஆனால் எதிர்க்காற்று முழுவதையும் அண்ணனே குடித்துவிடுவான். பாவம் தம்பி, மேடு வந்தால் போதும், சூட்டில் இறுகி நின்றுவிடுவான்.

வண்டியை வடிவமைத்த அலோய்ஸ் பார்த்துப் பார்த்துச் சலித்து, ஒருநாள் ஸ்பேனரோடு வந்தார்.

"உன் தம்பியைக் கழற்றிடப் போறேன். நீ ஒருத்தனே இழுத்துக்கோ," என்றார் அண்ணனிடம்.

தம்பி அழவில்லை. "அண்ணே, நீயாவது நல்லா ஓடு," என்றான். அதைத்தான் அண்ணனால் தாங்க முடியவில்லை.

"ஐயா, அவன் இல்லாம நான் ஓடமாட்டேன். எங்களைக் குறுக்கால திருப்பி வையுங்க. ஆளுக்கொரு பக்கம் தலையை நீட்டிக்கிறோம். காத்தைப் பாதிப் பாதியா எடுத்துக்கிறோம்."

"அட அசடே!" என்று காற்று குறுக்கிட்டது. "வண்டி சாய்ஞ்சா முதல்ல உன் மண்டைதான் உடையும்."

"உடைஞ்சா உடையட்டும். அவன் வேகுறப்போ எனக்கு மட்டும் காத்து எதுக்கு?"

அலோய்ஸ் எஞ்சினைத் திருப்பி வைத்தார். அவரே ஏறி ஓட்ட, வண்டி ஆல்ப்ஸ் மலையில் நிற்காமல் ஏறியது. முகத்தில் காற்றே பட்டறியாத தம்பி வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான்.

இறக்கத்தில் ஈரப்பாதை வழுக்க, வண்டி அண்ணன் பக்கமாகச் சாய்ந்தது. அவன் தலை நன்றாகச் சிராய்த்துவிட்டது. ஆனால் அவன் முட்டுக்கொடுத்ததால் அலோய்ஸின் கால் நசுங்காமல் தப்பியது.

எழுந்த அலோய்ஸ் தன் சட்டையாலேயே அவன்மேல் அப்பிய சேற்றைத் துடைத்தார். "வலிக்குதாடா?"

"வலிக்குது. தம்பி சூடாகாம இருக்கானா பாருங்க."

தொட்டுப் பார்த்தார். இருவரும் ஒரே சூட்டில் இருந்தார்கள்.

தொழிற்சாலை பிழைத்தது; பின்னாளில் கார்களும் செய்து பேர் வாங்கியது. அன்றிலிருந்துதான், அந்த ஊர் மோட்டார் சைக்கிளில் இரண்டு சிலிண்டர்கள் இருபக்கமும் தலையை நீட்டிக்கொண்டு, அடிபட்டாலும் பரவாயில்லை என்று, வருகிற காற்றைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டு ஓடுகின்றன.