வேதவல்லி சாகாத ஊர்

முன்னொரு காலத்தில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரும் இந்தப் பக்கம் ஒரு ஊரும் இருந்தன. இரண்டிலும் தலா ஒரு தியேட்டர். படம் வந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பிரதிதான். அந்தப் பக்கம் ஒரு ரீல் ஓடி முடிந்ததும் அதைத் தகரப் பெட்டியில் வைத்து, சைக்கிளில் இந்தப் பக்கம் கொண்டுவருவார்கள்.

அப்படி வந்த ஒரு படத்தின் ரீல்களில், கடைசி ரீலுக்குக் கர்வம் அதிகம்.

"நீங்க எல்லாரும் சேர்ந்து கதையை இழுக்கிறீங்க. முடிச்சு வைக்கிறது நான்" என்று மற்ற ரீல்களிடம் சொல்லும். அதில் கதாநாயகி வேதவல்லி, ரயிலில் வரும் கணவனுக்காக ஸ்டேஷன் பெஞ்சில் காத்திருந்தபடியே இறந்துபோவாள். வசனம் கிடையாது. கண்கள் மட்டும்தான் பேசும்.

"உன்கிட்ட அழுகை இருக்கு. என்கிட்ட பாட்டு இருக்கு" என்று பாட்டு ரீல் சீண்டும். அதில் வேதவல்லி ஒரு கனவு காண்பாள். மாடி வீடு, ஜன்னலில் மல்லிகைக் கொடி, தலை பின்ன விடாமல் ஓடும் மகள், சிரித்துக்கொண்டே துரத்தும் கணவன்.

"கனவுதானே! முழிச்சா ஒண்ணும் இருக்காது" என்றது கடைசி ரீல்.

முதல் நாள், கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி வந்து குறுக்கே நின்றுவிட்டது. கடைசி ரீல் சைக்கிள் கேரியரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தியேட்டரிலோ வேதவல்லியின் கணவன் ரயில் ஏறியதோடு படம் நின்று, திரை வெள்ளையாகிவிட்டது. விசில் பறந்தது.

"அந்தோணி, நாற்காலியை உடைச்சிருவானுங்கப்பா! எதையாவது ஓட்டு!" என்று முதலாளி சிங்காரவேலு கீழிருந்து கத்தினார்.

"என்னை எடுங்க, என்னை எடுங்க" என்று பாட்டு ரீல் துடித்தது. ஆபரேட்டர் அந்தோணியின் கை அதன் மேல்தான் விழுந்தது.

திரையில் மாடி வீடு தெரிந்தது. மல்லிகைக் கொடி தெரிந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது: "அடியே, வந்து சேர்ந்துட்டான்டி!" பாட்டு முடிந்து விளக்கு எரிந்தபோது எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் கடைசி ரீல் நேரத்துக்கு வந்தது. ஓடியது. வேதவல்லி இறந்தாள்.

படம் முடிந்ததும் தில்லையம்மாள் ஆபரேட்டர் அறையின் படி ஏறி வந்துவிட்டாள். தியேட்டர் சுவரை ஒட்டித்தான் அவள் வீடு. முதல் நாளே படம் பார்த்தவள், நல்ல படம் என்று நாத்தனாரையும் அன்று கூட்டி வந்திருந்தாள். தில்லையம்மாளுக்கு அப்போது நிறைமாத வயிறு.

"நேத்து நல்லா இருந்தவளை இன்னைக்கு எதுக்குய்யா கொன்னீங்க?"

"அம்மா, படமே அப்படித்தாம்மா" என்றார் முதலாளி.

"மத்த ஊர்ல அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நேத்து என் கண்ணால பார்த்தேன். புருஷன், புள்ளையோட இருந்தா."

அவளுக்குப் பின்னால் படி முழுக்கப் பெண்கள். முதலாளி தலையைச் சொறிந்தார். "அந்தோணி, நம்ம ஊருக்குப் பாட்டை நடுவுல ஓட்டாம, கடைசியில போட்டு முடிச்சிரு."

பிரதி தேய்ந்த பிறகு கம்பெனியிலிருந்து யாரும் அதைக் கேட்டு வரவில்லை. ரீல்கள் தியேட்டர் படிக்கட்டுக்கு அடியில் தங்கிவிட்டன.

ஆனால் வேதவல்லி ஊருக்குள் வாழ்ந்தாள். "வேதவல்லி பொண்ணுக்கு இப்போ பள்ளிக்கூடம் போற வயசிருக்கும்ல?" என்பாள் பூக்காரி. "அந்த மாடி வீட்டுக்கு வெள்ளையடிச்சிருப்பாங்க" என்பார் பஸ் கண்டக்டர். தில்லையம்மாள் தனக்குப் பிறந்த மகளுக்கு வேதவல்லி என்றே பெயர் வைத்தாள்.

கடைசி ரீலுக்கு மட்டும் ஆறவில்லை. "பொய்யிலேயே வாழ்றாங்க. என்னைப் பார்க்காம இது என்ன படம்?"

சில வருஷம் கழித்து தில்லையம்மாள் வீட்டுக்கு டிவி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சுவரைத் தாண்டி அறிவிப்பாளரின் குரல் கேட்டது. அதே படம்!

"இன்னைக்கு நம்ம நாள்" என்று கடைசி ரீல் பெட்டிக்குள் நிமிர்ந்தது.

தெருவே அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. பாட்டு நடுவில் வந்ததும் முணுமுணுப்பு. "என்னடா, முடிவை முன்னாடியே போட்டுட்டானுங்க?" பிறகு ஸ்டேஷன் பெஞ்ச் வந்தது. ரயில் வந்தது. வேதவல்லியின் தலை சாய்ந்தது.

கடைசி ரீல் சுவரில் காதை வைத்து அழுகைக்காகக் காத்திருந்தது.

"அம்மா, வேதவல்லி செத்துப்போச்சா?" என்றது தில்லையம்மாளின் மகள்.

டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அது டிவிக்காரங்க ஊரு வேதவல்லிடி. நம்ம வேதவல்லி நல்லா இருக்கா. வா, தலை பின்னணும். ஓடாதே, நில்லுடி!"

கூடம் சிரித்தது.

கடைசி ரீல் சுருண்டுபோனது. "இத்தனை வருஷம் காத்திருந்தேனே. ஒருத்தர் கூட என்னை நம்பலையே."

அப்போது அதன் சுருளுக்குள்ளிருந்து, இதுவரை பேசியே அறியாத ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. ஸ்டேஷன் பெஞ்சில் காத்திருக்கும் வேதவல்லியின் குரல்.

"ஊர் ஊராக் கொண்டுபோய், காட்சிக்குக் காட்சி என்னைச் சாகவெச்சே. இந்த ஊர்லதான் எனக்கு வயசே ஆக ஆரம்பிச்சிருக்கு. பெட்டி மூடியைக் கொஞ்சம் இறுக்கிக்கோ."