பானைக்குள் ஒரு படார்

மகள் கல்யாணத்துக்கு மணவறையில் அடுக்கப் பானை வாங்கிவரக் கொண்டப்பனை அனுப்பினாளே, அதுதான் அவன் மனைவி அங்கம்மாள் செய்த பிசகு. போதாததற்குத் தன் தம்பிகள் தொப்பளானையும் சின்னாண்டியையும் வேறு துணைக்கு அனுப்பினாள்.

"பானை பத்திரம்! என் காதுல படார்னு ஒரு சத்தம் விழுந்துச்சுன்னா, அது யாரு கையால வந்துச்சோ அவங்களுக்கு நாளைக்குப் பாயசம் கிடையாது" என்றாள்.

மகள் பிறந்த நாளிலிருந்து கொண்டப்பன் காத்திருந்ததே அந்தப் பாயசத்துக்குத்தான்.

பானைகளோடு திரும்பும் வழியில் தொப்பளானுக்குக் கால் இடறி, ஒரு பானை பாறையில் விழுந்தது. படார்!

நல்லவேளை, வீடு இன்னும் தொலைவில் இருந்தது. அங்கம்மாளுக்குக் கேட்டிருக்காது.

"மச்சான், இந்தப் படார் எங்கேருந்து வந்துச்சு?" என்றான் தொப்பளான்.

"பாறையிலேருந்துதான்."

"பாறை காலங்காலமா சும்மாத்தானே கெடக்கு?"

சின்னாண்டி இன்னொரு பானையில் காதை வைத்தான். "உள்ளேதான் இருக்கு மச்சான். உம்முனு உறுமுது!"

கொண்டப்பன் உடைந்த ஓட்டை எடுத்து அதே பாறையில் போட்டுப் பார்த்தான். 'டிக்' என்றது. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஒரு பானைக்கு ஒரு படார்தான் மாப்ள. அது போயிட்டா அப்புறம் ஊமை. எல்லாப் படாரையும் இங்கேயே இறக்கிட்டுப் போயிடுவோம்."

ஒவ்வொரு பானையாகப் பாறையில் போட்டு இறக்கினார்கள். கடைசிப் பானையைத் தூக்கியபோது சின்னாண்டி குறுக்கே விழுந்து தடுத்தான். "எல்லாத்தையும் எடுத்துட்டா ஊர்ல படாரே அத்துப்போயிடும். விதைக்கு ஒண்ணு விடுங்க மச்சான்!"

கொண்டப்பன் விவசாயி. அந்த நியாயம் அவனுக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் அங்கம்மாள் அவர்கள் கொண்டுவந்த சாக்கைப் பிரித்தாள்; உள்ளே உடைந்த ஓடுகள். "பானை எங்கேய்யா?"

"இதான். பயப்படாம கீழே போட்டுப் பாரு, சத்தமே வராது" என்றான் பெருமையாக.

அங்கம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "விடிஞ்சா கல்யாணம், மணவறையில எதைய்யா அடுக்குவேன்?" என்று கத்தியபடி விதைப் பானையைத் தூக்கி அவன் காலடியில் போட்டாள்.

படார்!

"விதையும் போச்சே!" என்று தம்பிகள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள்.

கொண்டப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியின் காதருகே குனிந்தான்.

"அழாதே புள்ள. என் பாயசத்துல பாதி உனக்குத் தர்றேன். மறைவா நின்னு குடிச்சிடு. நீ வச்ச சட்டத்தை நீயே மீறிட்டேன்னு ஊரு பேசக் கூடாது."