கரையைப் பிடித்த மாப்பிள்ளை

தளக், தளக், தளக். ஏரியோரக் கோரைக்குப் பின்னாலிருந்து, ஈர மண்ணை யாரோ அறைகிற சத்தம் மட்டும் வந்தது. கொஞ்சம் பொறுத்து மூன்று தலைகள் தெரிந்தன. முட்டி போட்டு, இரண்டு கையாலும் கரையைப் பிடித்தபடி, ஊமத்தம்பட்டிக்காரர்கள் பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள்.

நடுவில் மாப்பிள்ளை துரைக்கண்ணு. வயது முப்பத்தெட்டு. ஆறு இடத்தில் பெண் தர மறுத்தாயிற்று; இது ஏழாவது. முன்னால் தாய்மாமன் சடையப்பன், பின்னால் அத்தை மகன் வேலாண்டி.

ஏரிக்குள் நாக்கை நீட்டியது போன்ற நிலம் அது. மூன்று பக்கமும் தண்ணீர், நுனியில் பூங்கா. பூங்காக் காவலாளி நல்லமுத்துவின் மகள் பொற்கொடிதான் பெண். "கரையைப் பிடிச்சுக்கிட்டே வாங்க, நேரா எங்க வீடுதான். பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வரலேன்னா வேற வரனுக்குச் சொல்லிடுவேன்" என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார்.

பாதி வழியில் வேலாண்டி மூக்கைச் சொறிந்துவிட்டான்.

"கரையை விட்டுட்டியேடா பாவி!" என்றார் மாமன்.

"ஒரு கைதானே மாமா?"

"எந்தக் கைன்னு அவங்க கேட்டா?"

மூவரும் ஆரம்பத்துக்கே போய் மறுபடி பிடித்தார்கள். இந்தத் தடவை அரித்தபோது வேலாண்டி மூக்கைக் கரையிலேயே தேய்த்துக்கொண்டான்.

பூங்காவில் பலகை நின்றது: புல்லை மிதிக்காதீர்.

"மிதிக்கத்தான் கூடாது. உருளலாம்ல?" என்றான் துரைக்கண்ணு.

"உருண்டா கரை?" என்றான் வேலாண்டி.

மாமன் வெகுநேரம் யோசித்தார். பிறகு ஆளுக்கு இரண்டு பிடி கரையை அள்ளிக்கொண்டு உருண்டார்கள்.

குரோட்டன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பொற்கொடி, காலடியில் மாப்பிள்ளை உருண்டு வந்து நின்றதும் வாளியைக் கீழே வைத்தாள். பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

நல்லமுத்து வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார். "நேரமாச்சு, சட்டுனு சொல்லுங்க மாப்பிள்ளை. பொண்ணைப் பிடிச்சிருக்கா?"

துரைக்கண்ணு பதறிப்போனான். "ஐயோ, இல்லீங்க! கரையைத்தான் பிடிச்சிருக்கேன்." இரண்டு கையையும் விரித்துச் சேற்றைக் காட்டினான்.

நல்லமுத்துவின் முகம் இருண்டது. பொற்கொடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்பா, பிடிச்சதை விடாத ஆளா இருக்காரு. எனக்குச் சம்மதம்."

நல்லமுத்து பெருமூச்சு விட்டார். "அப்புறமென்ன, கை நனைச்சுட்டுப் போங்க."

பெண் வீட்டில் சாப்பிடுவதைத்தான் அந்தப் பக்கம் அப்படிச் சொல்வார்கள். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. உள்ளே அவசரமாக மூன்று இலை போட்டார்கள்.

மூவரும் ஏரியில் இறங்கிக் கையை நனைத்தார்கள். போகச் சொன்னாரே என்று கிளம்பினார்கள்.

"சம்பந்தம் உறுதிதானே மாமா?" என்றான் துரைக்கண்ணு.

"முழங்கை வரைக்கும் நனைச்சிருக்கோம்டா. இதுக்கு மேல என்ன உறுதி வேணும்?"

இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பொற்கொடி எட்டிப் பார்த்தாள். தூரத்தில் மூன்று பேரும் புல்வெளியில் சந்தோஷமாக உருண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அவள் வாளியை எடுத்து, மிச்சச் செடிகளுக்கு ஊற்றத் தொடங்கினாள்.